அடுத்த பலகை கொஞ்சம் கடினமாக இருக்கட்டும்

ஸ்க்ரோல் சா வைத்து மரம் அறுக்கும் நண்பர்களுக்கு,



நம்மில் பலருக்கு இது பிழைப்பு இல்லை. ஆபீஸ் முடிந்து வந்தபின், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில், கார் நிறுத்தும் இடத்திலோ மொட்டைமாடி அறையிலோ மெஷினைப் போட்டு உட்காருகிறோம். வீட்டு வாசலுக்குப் பெயர்ப் பலகை, சாவி மாட்ட ஒரு மயில், பூஜை அறைக்கு வேல், கல்யாணப் பரிசாகப் பிள்ளையார். இவற்றை நாம் நன்றாகவே செய்கிறோம். பார்ப்பவர்களும் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டிலேயே நின்றுவிடுகிறோம் என்பதுதான் என் கவலை. 12 மி.மீ. பிளைவுட்டில் 5-ஆம் நம்பர் பிளேடால் எழுத்து அறுக்கக் கற்ற கை, வருஷம் போனாலும் அதே பிளைவுட்டில் அதே எழுத்தைத்தான் அறுத்துக்கொண்டிருக்கிறது.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். இனி எடுக்கும் ஒவ்வொரு வேலையிலும் இதுவரை நீங்கள் செய்யாத ஒன்று இருக்கட்டும். செய்து முடித்ததைச் சொல்லும்போது, கேட்டவர் தானும் செய்துபார்க்கும் அளவுக்கு முழுதாகச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் கை வளரும்.

‘ஒன்று’ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. புது மரம், புது பிளேடு, புதுச் சரிவு மூன்றையும் ஒரே வேலையில் கொண்டுவந்தால், வேலை கெடும்போது எதனால் கெட்டது என்று தெரியாது. ஒன்றை மட்டும் மாற்றினால் காரணம் தானாக வெளியே வரும். கடினமான வேலை என்றால் மாதக்கணக்கில் இழுக்கும் பெரிய வேலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உள்ளங்கை அளவுத் துண்டிலும் கைக்குப் புதிதான ஒரு கஷ்டம் இருக்க முடியும்.

வேலைக்குப் போகும்முன் மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை. மேசை பிளேடுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று அளவுகோலைப் பார்த்து நம்பாதீர்கள். தடிமனான ஒரு கழிவுத் துண்டில் சிறிதாக ஒரு வெட்டு போடுங்கள். துண்டைத் திருப்பி, பிளேடின் பின்பக்கமாக அதே வெட்டுக்குள் நுழைத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கிப் போனால் மேசை சரி. இடித்தால் சரிவு இருக்கிறது. பிளேடை விரலால் மீட்டினால் தெளிவான மேல்சுரம் வர வேண்டும். மந்தமான ஓசை என்றால் இறுக்கம் போதாது.

புதிதாக வருபவர்களை விரட்டிவிடும் விஷயம் இன்னொன்று இருக்கிறது. பலகையைக் கோட்டின்படி நேராகத் தள்ளினாலும் வெட்டு ஒரு பக்கமாக விலகிப் போகும். ‘நமக்குக் கை கோணல்’ என்று முடிவுகட்டி மெஷினை மூடிவைத்தவர்களை எனக்குத் தெரியும். பெரும்பாலான பிளேடுகளில், பற்களை உருவாக்கும்போதே ஒரு பக்கத்தில் நுண்ணிய பிசிறு நின்றுவிடுகிறது. அந்தப் பக்கம் கூடுதலாக அறுக்கும். ஆகவே பலகையைச் சில பாகை சாய்த்துத் தள்ளினால்தான் வெட்டு கோட்டின் மேல் நிற்கும். இது பிளேடின் குணம். முதல் நாளிலேயே யாராவது இதைச் சொல்லியிருந்தால் அவர்கள் இன்றும் நம்மோடு அறுத்துக்கொண்டிருப்பார்கள்.

இனி வேலைகளுக்கு வருகிறேன். ஏறுவரிசையில் நான்கைச் சொல்கிறேன்.

முதலாவது சிக்குக் கோலம். நம் வாசலில் இருக்கும் இதைவிட நல்ல பயிற்சிப் படம் ஸ்க்ரோல் சாவுக்குக் கிடைக்காது. புள்ளிகளைச் சுற்றி நெளிந்து வரும் கம்பியை 5 மி.மீ. அகலப் பட்டையாக்கி, புள்ளிகள் இருக்கும் இடங்களையும் இடைவெளிகளையும் அறுத்து எடுக்க வேண்டும். எத்தனை துளை போட வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிடலாம். கோலம் முழுவதும் ஒன்றோடொன்று தொடர்ந்திருந்தால், கம்பி கம்பியைக் கடக்கும் இடங்களை எண்ணி ஒன்றைக் கூட்டுங்கள். அதுதான் உள்வெட்டுகளின் எண்ணிக்கை. 24 இடங்களில் கடந்தால் 25 துளை. ஒவ்வொரு துளைக்கும் பிளேடைக் கழற்றி, நுழைத்து, மறுபடி மாட்ட வேண்டும். பொறுமைக்கு இதுவே போதுமான பாடம்.

கைக்கான பாடம் அந்தப் பட்டையில் இருக்கிறது. பட்டையின் இரண்டு ஓரங்களும் வெவ்வேறு துளைகளிலிருந்து வருகின்றன. இன்று ஒரு ஓரம், அரைமணி நேரம் கழித்து மறு ஓரம். இரண்டும் சேர்ந்து ஒரே அகலமாகத் தெரிய வேண்டும். கோலத்தில் கம்பி ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்தால், கோலம் தெரிந்த எந்தக் கண்ணும் உடனே பிடித்துவிடும். வளைவின் நடுவில் தள்ளுவதை நிறுத்தினால் அங்கே ஒரு பள்ளம் விழும். நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் மூலையில் நிறுத்துங்கள். நடுவிலிருந்து வெளிநோக்கி அறுத்து வாருங்கள். சுற்று ஓரத்தைக் கடைசிக்கு வையுங்கள். ஓரம் இருக்கும்வரைதான் பலகைக்குப் பலம்.

இதற்குக் கட்டை மரம் எடுக்க வேண்டாம். மர இழை ஒரே திசையில் ஓடும். பட்டை அதற்குக் குறுக்கே வளையும் இடமெல்லாம் விரல் பட்டாலே உடையும். 6 மி.மீ. நல்ல பிளைவுட்டில் அடுக்குகள் மாறி மாறிக் கிடப்பதால் எல்லாத் திசையிலும் தாங்கும். 2 அல்லது 3-ஆம் நம்பர் பிளேடு, அதிலும் கீழ்நுனியில் சில பற்கள் மேல்நோக்கி இருக்கும் தலைகீழ்ப் பல் வகை, அடிப்பக்கம் சிலும்பாமல் காக்கும். கடையில் பிளைவுட் வாங்கும்போது ஓரத்தைப் பாருங்கள். உள் அடுக்கில் பொந்து தெரிந்தால் அந்தத் தாள் வேண்டாம். அந்தப் பொந்து உங்கள் 5 மி.மீ. பட்டைக்குள் வந்து உட்கார்ந்தால் அதை எதுவும் காப்பாற்றாது.

இரண்டாவது, கனத்த மரம். 38 மி.மீ. சதுரக் கட்டை ஒன்றில் சதுரங்கக் குதிரை செய்யுங்கள். படத்தை மூலையில் மடித்து இரண்டு பக்கங்களில் ஒட்டி, ஒரு பக்கத்தை அறுத்தபின் கழிவை எடுக்காமல் அப்படியே டேப்பால் சுற்றிக் கட்டி, அடுத்த பக்கத்தைத் திருப்பி அறுக்க வேண்டும். குமிழ் போன்ற மென்மையான மரம் எடுங்கள். பிளேடின் இறுக்கம் குறைந்தால் வெட்டு உள்ளே வயிறு தள்ளும். அவசரப்பட்டுத் தள்ளினாலும் அதுவே நடக்கும். மேசை அரைப் பாகை சரிந்திருந்தால்கூட குதிரை ஒரு பக்கம் சாயும். முன்னே சொன்ன சரிபார்ப்பு ஏன் என்பது இந்தக் கட்டையில் புரியும்.

மூன்றாவதைத்தான் நான் மிகவும் விரும்பிச் சொல்ல வருகிறேன்: மேசையைச் சாய்த்து அறுப்பது. நிறையப் பேர் மெஷின் வாங்கிய நாளிலிருந்து மேசையைச் சாய்க்கும் திருகைத் தொட்டதே இல்லை. அதைத் தொட்டால் தட்டையான பலகையிலிருந்து கிண்ணம் எடுக்கலாம்.

கணக்கு எளிது. பலகையில் வட்டத்துக்குள் வட்டமாக வளையங்கள் சரிவாக அறுத்து, ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி ஒட்டினால் கிண்ணம் எழும். மேல் வளையத்தின் அடியும் கீழ் வளையத்தின் தலையும் பொருந்த வேண்டும் என்றால், வளையத்தின் அகலத்தைப் பலகையின் தடிமனால் வகுங்கள். அந்த விடை எந்தக் கோணத்தின் டேஞ்சன்ட்டோ, அதுதான் மேசையின் சரிவு. 18 மி.மீ. பலகையில் 8 மி.மீ. வளையம் என்றால் 24 பாகை. 20 செ.மீ. விட்டமுள்ள ஒரே பலகையில் நான்கு வளையமும் ஓர் அடிப்பலகையும் எடுத்தால் ஏறத்தாழ 9 செ.மீ. உயரக் கிண்ணம் கிடைக்கும். பிளேடு நுழைவதற்கான துளையையும் அதே சரிவில்தான் போட வேண்டும். சரிவில் அறுக்கும்போது 18 மி.மீ. பலகை பிளேடுக்கு ஏறத்தாழ 20 மி.மீ. ஆகிவிடுகிறது. ஆகவே கொஞ்சம் பெரிய பல் பிளேடும் நிதானமும் வேண்டும். பிளேடு தின்னும் அகலத்தால் வளையங்களின் நடுவே மயிரிழைப் படி விழும். அதை உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும்.

அதே கணக்கு, ஒரு மரத்தில் இன்னொரு மரத்தைப் பதிக்கும் இழைப்பு வேலைக்கும் உதவும். இரண்டு நிறப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் சரிவாக அறுத்தால், மேல் பலகையின் துண்டு கீழ்ப் பலகையின் துளையில் இடைவெளி தெரியாமல் போய் உட்காரும். இங்கே வளையத்தின் அகலத்துக்குப் பதிலாக பிளேடு தின்னும் அகலத்தை எடுத்து, ஒரு பலகையின் தடிமனால் வகுக்க வேண்டும். பிளேடு அரை மி.மீ. தின்று, பலகை 6 மி.மீ. என்றால் 5 பாகைக்குச் சற்றுக் குறைவு. 3 மி.மீ. என்றால் ஒன்பதரை. 1 மி.மீ. வெனீரை கால் மி.மீ. தின்னும் மெல்லிய பிளேடால் அறுத்தால் 14 பாகைக்குச் சற்று மேல். திசை மாறக் கூடாது. ஒரு திசையில் சுற்றி அறுத்தால் மேல் துண்டு கீழே இறங்கும். எதிர்த் திசையில் அறுத்தால் கீழ்த் துண்டு மேலே ஏறும். பாதி இப்படி, பாதி அப்படி அறுத்தால் இரண்டுமே பொருந்தாது. முதலில் கழிவுத் துண்டில் ஒரு சின்ன வட்டம் அறுத்துப் பொருத்திப் பாருங்கள். கிண்ணத்தை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம், கிண்ணம் பிழையை மன்னிக்கும், இழைப்பு மன்னிக்காது என்பதுதான்.

நான்காவது, மரங்களின் இயற்கை நிறத்தையே கொண்டு படம் அமைப்பது. இத்தாலியில் உர்பினோ பிரபுவுக்காக 1478 முதல் 1482 வரையான ஆண்டுகளில் குப்பியோ அரண்மனைக்குச் செய்த ஒரு சிறிய அறை, இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாதி திறந்த அலமாரிகள், உள்ளே புத்தகங்கள், இசைக் கருவிகள் என்று தெரிவதெல்லாம் தட்டையான மரச் சுவர்தான். நமக்கு அருகில் மைசூர் இருக்கிறது. ஈட்டி மரத்தில் பல நிற மரத் துண்டுகளைப் பதிக்கும் அந்த ஊர்க் கைவினைஞர்கள், மெல்லிய கம்பி போன்ற ரம்பத்தைக் கையால் ஓட்டியே ஒவ்வொரு துண்டையும் அறுத்திருக்கிறார்கள். மைசூர் போகும்போது அரண்மனையின் அம்பா விலாஸ் மண்டபக் கதவருகே நின்று, தந்தத் துண்டுகள் ஈட்டி மரத்தில் எப்படி அமர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். தந்தம் இன்று கூடாது. அந்தப் பொருத்தத்தைக் கற்க எந்தத் தடையும் இல்லை.

நிறங்களுக்காக வெளிநாட்டு மரம் தேடிப் போக வேண்டாம். வெண்மைக்கு வெட்பாலை. மஞ்சளுக்குப் பலா, மஞ்சக்கடம்பு. பொன்பழுப்புக்குத் தேக்கு. செம்பழுப்புக்கு வேங்கை. ஊதா கலந்த கரும்பழுப்புக்கு ஈட்டி. தஞ்சாவூர் வீணைக்கு எடுக்கும் அதே பலாவின் மஞ்சள், வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பாக இறங்கும் என்பதை நினைவில் வைத்துத் துண்டுகளைத் தேர்ந்தெடுங்கள். நாற்காலி, கதவு செய்யும் பட்டறைகளில் உள்ளங்கை அளவுத் துண்டுகள் அடுப்புக்குப் போகின்றன. கேட்டு வாங்குங்கள். வாங்கும்போது அங்கே இருக்கும் ஆசாரியிடம் அந்த மரத்தைப் பற்றியும் கேளுங்கள். எது காய்ந்தது, எது இன்னும் ஈரம், எது பிறகு வெடிக்கும் என்று அவர் தொட்டுப் பார்த்துச் சொல்லுவார். அந்த அறிவு நம் மெஷினோடு வருவதில்லை.

நான்கு வேலைகளையும் சொன்னேன். தனியாகச் செய்தால் இவற்றுக்குச் சில வருடங்கள் பிடிக்கும். சேர்ந்து செய்தால் ஒருவர் உடைத்த பட்டை இன்னொருவருக்குப் பாடமாகும். இனி இரண்டாவது வேண்டுகோள்.

நாம் ஒருவருக்கொருவர் காட்டுவதெல்லாம் வார்னிஷ் அடித்து மினுங்கும் முடிந்த வேலை. பதிலாகக் கிடைப்பது ‘சூப்பர் அண்ணே’. அன்பு அதில் இருக்கிறது, அது வேண்டும். ஆனால் அதிலிருந்து யாரும் எதையும் கற்பதில்லை. யாராவது ‘மரம் கருகுது, என்ன செய்ய?’ என்று கேட்டால் மூன்று பதில் வருகிறது. ஒருவர் வேகத்தைக் குறை என்கிறார். ஒருவர் பிளேடை மாற்று என்கிறார். இன்னொருவர் படத்தின் மேல் பேக்கிங் டேப் ஒட்டு என்கிறார். மூன்றும் சரியான பதில்கள்தான், வெவ்வேறு நிலைமைகளில். மழுங்கிய பிளேடு கருக்கும். கனத்த மரத்தில் நுண்பல் பிளேடும் கருக்கும், தூள் வெளியே போக வழியில்லாமல். ஒரே இடத்தில் தயங்கி நின்றாலும் கருகும். கேட்டவர் என்ன மரம், எத்தனை தடிமன் என்று சொல்லவில்லை. சொன்னவர்களும் கேட்கவில்லை.

ஆகவே எதைச் சொன்னாலும் ஐந்து விவரங்களோடு சொல்லுங்கள்: மரம், தடிமன், பிளேடு, வேகம், கெட்டது எங்கே. பிளேடு என்றால் நம்பர் மட்டும் போதாது. ஒரு கம்பெனியின் 5-ம் இன்னொரு கம்பெனியின் 5-ம் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. கம்பெனியையும் பல் வகையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐந்தாவது விவரத்தைத்தான் எல்லோரும் மறைக்கிறோம். எந்த மூலையில் உடைந்தது, எங்கே கோடு விலகியது, எதை ஒட்டுப்போட்டுச் சமாளித்தீர்கள் என்பது வெளியே வந்தால், அடுத்தவருடைய மரமும் நேரமும் மிஞ்சும். மற்றவர் வேலையைப் பார்க்கும்போதும் ஓரிடத்தைச் சுட்டிக் கேளுங்கள். ‘இந்த உள்மூலை இவ்வளவு கூராக எப்படி வந்தது?’ என்ற ஒரு கேள்வி, பத்துப் பாராட்டுக்குச் சமம். அவர் தான் செய்ததைச் சொல்லும்போதுதான் அதை அவரே முழுதாகப் புரிந்துகொள்வார்.

சொல்லித்தர வேண்டியவற்றில் முதலில் நிற்பது தூசி. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-லேயே மரத்தூளை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் வரிசையில் சேர்த்துவிட்டது. ஈட்டி, தேக்கு தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் மூச்சில் இறுக்கத்தையும் உண்டாக்கும். கோட்டை மறைக்கும் தூளை ஊதித் தள்ளும் மெஷின், நம் மூக்குக்கு எட்டும் காற்றிலும் அதைக் கலக்கிவிடுகிறது. மூடிய சிறு அறையில் அறுப்பவர்கள் நல்ல மாஸ்க் போடுங்கள். கற்றுக்கொடுப்பவர் மாஸ்க் போடாமல் அறுத்துக் காட்டினால், கற்பவர் அதையும் சேர்த்தே கற்றுக்கொள்வார்.

இந்தக் கலை பரவியதே பகிர்ந்ததால்தான். பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயியிடம் வேலை பார்த்த ஆந்த்ரே ஷார்ல் பூல் என்ற பாரிஸ் தச்சர், பித்தளைத் தகட்டையும் ஆமையோட்டையும் அடுக்கி ஒரே வெட்டில் அறுத்தார். ஒரு வெட்டில் இரண்டு பலகைக்கான அலங்காரம் கிடைத்தது. நாம் இன்று டபுள் டேப் ஒட்டி நான்கு தாள்களைச் சேர்த்து அறுப்பது அதன் வாரிசு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் இல்லினாய் மாநில ராக்ஃபோர்டிலிருந்து பார்ன்ஸ் சகோதரர்களின் கம்பெனி, காலால் மிதித்து ஓட்டும் ஸ்க்ரோல் சாக்களை விற்றது. ரம்பத்தை வாங்கியவருக்கு அதோடு கைத்திறன் வந்துவிடவில்லை. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் டீரம் என்ற சிறு நகரத்திலிருந்து ‘ஹாபீஸ்’ வார இதழ் 1895-இல் வரத் தொடங்கியபோது, ஃப்ரெட் வேலைக்கான, அதாவது மரத்தில் சித்திரமாகத் துளைத்து அறுக்கும் வேலைக்கான, படத்தாளை இலவசமாக இணைத்துக் கொடுத்தார்கள். வேலை நாள் முடிந்து அடுக்களை மேசையில் அறுத்த சாதாரண மக்களின் கைக்கு அந்தத் தாள்கள் வழியாகத்தான் இந்தக் கலை போய்ச் சேர்ந்தது.

தமிழில் நமக்கு அப்படி எழுதிவைத்தது மிகவும் குறைவு. 6 மி.மீ. பலாவில் எந்த பிளேடு நன்றாக ஓடும், கருவேலத்தை இதில் அறுக்க முடியுமா, பூவரசு சிலும்புமா என்று பார்க்க நமக்கு ஒரு பக்கம்கூட இல்லை. அமெரிக்கப் புத்தகங்கள் செர்ரி, மேப்பிள், வால்நட் பற்றிச் சொல்லும். வேங்கையையும் வெட்பாலையையும் பற்றி நாம்தான் எழுத வேண்டும். நம்மிடம் மெஷின் இருக்கிறது, மரம் இருக்கிறது, ஆளுக்கு ஒரு நோட்டு வாங்குவது பெரிய செலவில்லை.

ஒரு வேலையிலிருந்து தொடங்குவோம். எல்லோரும் ஒரே சிக்குக் கோலத்தை, ஒரே அளவில், 6 மி.மீ. பிளைவுட்டில் அறுப்போம். பிளேடு மட்டும் அவரவர் விருப்பம். முடித்தபின் ஐந்து விவரங்களையும் துண்டின் பின்பக்கத்திலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள். பாதியில் உடைந்திருந்தாலும் எறியாதீர்கள், எங்கே உடைந்தது என்று எழுதிக் கொண்டுவாருங்கள். எல்லாவற்றையும் ஒரே மேசையில் வரிசையாக வைத்தால், எந்த பிளேடு எங்கே தடுமாறியது, யாருடைய பட்டை சீராக வந்தது, அவர் என்ன செய்தார் என்பதை எல்லோரும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். அதை ஒருவர் எழுதித் தொகுக்கட்டும். அடுத்த முறை கிண்ணம். அதற்கடுத்து இழைப்பு. புதிதாக மெஷின் வாங்கி முதல் வெட்டு கோட்டை விட்டு விலகியதைப் பார்த்துக் குழம்பி நிற்பவர் யாராக இருந்தாலும், அவரையும் அந்த மேசைக்கு அழைத்து வாருங்கள். அவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல முடிகிறதா என்பதில்தான் நமக்கு எவ்வளவு தெரியும் என்பதும் தெரியவரும்.

அன்புடன்,
உங்களோடு மரம் அறுக்கும் ஒருவர்